மண்சுவரில் குளிர்ச்சி கண்ட மேதை ஹசன் ஃபத்ஹி

சித்திரை வெயிலில் சிமெண்டுக் கூரையின்கீழ் அமர்ந்து தேர்வெழுதிய மாணவர் எவருக்கும் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹியின் வரலாறு எளிதில் விளங்கும். 1900ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில் வளமான குடும்பத்தில் பிறந்த இவர், 1926இல் கெய்ரோவில் பட்டம் பெற்றார். உடன் பயின்றோர் மேனாட்டுச் சிமெண்டையும் கண்ணாடியையும் நாடிச் செல்ல, இவரோ ஏழை உழவனின் மண்வீட்டை நாடினார்.

1941இல் பஹ்தீம் என்னும் ஊரில் சுடாத மண்கல்லால் பண்ணை வீடு கட்ட முற்பட்டார். உலகப் போரின் காரணமாக மரம் கிட்டவில்லை. தாங்குமரமின்றி எழுப்பிய வளைகூரைகள் இடிந்து வீழ்ந்தன. நூபியக் கொத்தர்கள் அத்தகைய கூரையை மரமின்றியே அமைப்பர் எனத் தமையனார் வழி அறிந்து அஸ்வான் சென்றார். பின்சுவரில் முதல் வளைவைச் சாய்த்து, அதன்மேல் அடுத்ததைச் சாய்த்து அவர்கள் கட்டுவதைக் கண்டார். பட்டம் பெற்றவர் எழுத்தறியாக் கொத்தரிடம் பாடங் கேட்டார். இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுவே.

1945இல் லக்சருக்கு எதிரே புதிய குர்னா என்னும் சிற்றூரை அமைக்கும் பணி இவரை வந்தடைந்தது. தடித்த மண்சுவர், உள்முற்றம், மேற்காற்றை வாங்கி உள்ளே இறக்கும் மல்கஃப் என்னும் காற்றுக்கூண்டு, வெயிலை வடிகட்டும் மஷ்ரபிய்யா மரச்சாளரம் முதலிய மரபுகளை இவர் தம் கலைக்கு அடிப்படையாக்கினார். தண்ணீர்ப் பானைகளைக் குளிர வைத்த இடமாதலால் பருகுதல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து அச்சாளரத்திற்குப் பெயர் வந்தது என்பர்; நாம் அருந்தும் சர்பத்தும் அவ்வேரினதே.

ஆயினும் குர்னா மக்கள் குடியேற மறுத்தனர். பழைய ஊர் பண்டைய கல்லறைகளின்மேல் இருந்தது. அங்குக் கிடைத்த தொல்பொருள்களே பலருக்குப் பிழைப்பு. அதை விட்டு வருவார்களா? காற்றின் திசையை நுணுகி அறிந்தவர், மக்கள் வயிற்றுப்பாட்டைப் போதிய அளவு கணிக்கவில்லை என்றே கூறவேண்டும். ஊர் முற்றுப்பெறாமலே பணி நின்றது.

எனினும் அவர்தம் கணக்கு பொய்க்கவில்லை. 1964இல் கெய்ரோவில் நடந்த சோதனையில், அரை மீட்டர் தடித்த மண்சுவர் அறையின் வெப்பம் நாள் முழுவதும் 2 பாகைக்குமேல் மாறவில்லை. பத்துச் சென்டிமீட்டர் கான்கிரீட் சுவர் அறையோ பிற்பகலில் 36 பாகையைத் தொட்டது; வெளிக்காற்றைவிட அது வெப்பமாயிருந்தது! மின்விசையைச் செலவிட்டு அகற்றும் வெப்பத்தை நம் சுவரே உண்டாக்குகிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கார்கா பாலைச்சோலையில் காய்கனிகளைக் காற்றாலேயே குளிர்விக்கும் சந்தையை எழுப்பினார். 1967ஆம் ஆண்டுப் போரால் அவ்வூரும் முற்றுப்பெறவில்லை. 1973இல் ஏழைகளுக்கான கட்டடக்கலை பற்றியும், 1986இல் இயற்கை ஆற்றல் பற்றியும் இவர் எழுதிய ஆங்கில நூல்கள் வெளிவந்தன. ஃபத்ஹி 1989 நவம்பர் 30ஆம் நாள் கெய்ரோவில் மறைந்தார். குர்னாவில் அவர் கட்டிய வீடுகள் பல அழிந்துவிட்டன, பள்ளிவாசல் நிற்கிறது.