டேஷ்போர்டில் எரியும் ஏபிஎஸ் விளக்கும் திருக்குறுங்குடி சுந்தரம் ஐயங்காரும்: யார் இந்த 'டிவிஎஸ்'?

மழை பெய்து ஓய்ந்த நேரம். பாபநாசம் மலைப்பாதையில் ஒரு கார் இறங்கிக்கிட்டு இருக்கு. திடீர்னு டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஏபிஎஸ் விளக்கு எரியுது. பிரேக் பிடிச்சா வண்டி நிற்கத்தான் செய்யுது. அப்புறம் என்ன, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னுதான் பலரும் நினைப்பாங்க.

வண்டி நல்லா ஓடும்போதே பழுதைத் தேடிப் பிடிக்கணும், நடுரோட்டில் நின்ற பிறகு அல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே இதைத் தொழிலாகச் செய்து காட்டியவர் இதே திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்தான். அவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். பைக்கில் பார்க்கும் 'டிவிஎஸ்' என்ற மூன்று எழுத்து அவருடைய பெயர். அதில் 'டி' என்பது திருக்குறுங்குடி.

வக்கீல், ரயில்வே, வங்கி... பிறகு பஸ்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், அழகிய நம்பி கோயிலால் அறியப்பட்ட ஊர் திருக்குறுங்குடி. அங்கே 1877 மார்ச் 22 அன்று சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். அப்பாவின் ஆசைப்படி வக்கீல் ஆனார். பிறகு ரயில்வேயில் வேலை, அதன்பின் வங்கியில் வேலை. மாதச் சம்பளம், மரியாதை எல்லாம் இருந்தும் மனம் ஒட்டவில்லை.

1911-ல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். 1912-ல் மதுரையில் பஸ் ஓட ஆரம்பித்தது. மாட்டு வண்டியும் ரயிலும் மட்டுமே தெரிந்த மக்களுக்கு அது புதுசு. மோட்டார் வண்டி இந்தியாவில் தயாராகாத காலம் அது. ஒரு பாகம் உடைந்தால் மாற்றுப் பாகம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரணும். பஸ் பாதி வழியில் நின்றால் பயணி மறுநாள் மாட்டு வண்டியைத்தான் தேடுவார். மொத்தத் தொழிலும் அந்த நம்பிக்கையில்தான் நின்றது.

ரோட்டில் கிடந்த லாட ஆணி

அன்றைய சாலைகளில் பெரிய தலைவலி லாட ஆணி. மாடு, குதிரைகளின் லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் பஸ் டயரில் குத்தி பஞ்சராக்கும். ஒட்டி ஒட்டி ஓட்டலாம். ஆனால் பஞ்சர் எங்கிருந்து வருதுன்னு பார்த்தால் காரணம் டயரில் இல்லை, ரோட்டில் இருக்கு. அதனால் காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு, ஆணிகளை முன்கூட்டியே பொறுக்கி எடுக்க வைத்தார் என்று சொல்லப்படுகிறது.

டிவிஎஸ் பஸ் போவதைப் பார்த்து மதுரைப் பக்கம் கடிகாரத்தைச் சரி பண்ணுவாங்க என்ற பேச்சும் உண்டு. நேரம் தவறாத பஸ் என்றால், பழுது அதன் ஷெட்டிலேயே பிடிபட்டிருக்குன்னு அர்த்தம்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. பஸ்ஸை நிறுத்தாமல், கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்' கருவியைத் தயாரித்தார். தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போடும் ஆலையும் தொடங்கினார்.

வீட்டுக்குள் வந்த சோதனை

மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலத்தில் அவர் டெல்லி சென்று மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். பின்னர் ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது வீட்டில் எதிர்ப்பு வந்தது. ஒரு வருஷம் இருவரும் பிரிந்திருந்து பார்க்கட்டும் என்று காந்தி சொன்னார். அந்த வருஷம் கழிந்தும் இருவர் மனமும் மாறவில்லை. 1940-ல் திருமணம் நடந்தது. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-ல் உருவாக்கியவர்கள் இந்தத் தம்பதிதான்.

பஸ் போனது, பிரேக் வந்தது

1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78. பிறகு அவரது குடும்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கூட்டோடு பிரேக் தயாரிப்பில் இறங்கின. 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, அதே ஆண்டு லாரி, பஸ்களுக்கான ஏர் பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டன். 1972-ல் தமிழக அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கியபோது டிவிஎஸ் பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. நெல்லைக்கான கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் 1974-ல் வந்தது. இன்று இந்தியாவில் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம்.

சரி, ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் என்ன செய்யணும்?

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கு. சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தைப் பார்த்து வேகத்தை அளக்கும். அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் சுற்றாமல் இறுகப் போனால், கணினி அதன் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கும். அதனால்தான் ஈர ரோட்டிலும் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும்.

• மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், பெரும்பாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஏபிஎஸ் உதவி இருக்காது. வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு ஓட்டி மெக்கானிக்கிடம் போகணும்.

• சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரமா நிறுத்திடுங்க. பிரேக் ஆயிலே குறைந்திருக்கலாம்.

• ஸ்கேனர் 'இடது முன் சக்கர சென்சார்' என்று காட்டினால் உடனே புது சென்சார் வாங்கிடாதீங்க. அது பழுது இருக்கும் பக்கத்தை மட்டும்தான் சொல்லுது. ஒயர் அறுந்திருக்கா, கனெக்டரில் தண்ணி இறங்கியிருக்கா, பல் வளையம் துருப்பிடித்திருக்கா, வீல் பேரிங் ஆடுதான்னு முதலில் பார்க்கச் சொல்லுங்க.

• மெதுவாக ஓட்டிக்கிட்டே ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒப்பிடலாம். நேராகப் போகும்போது எந்தச் சக்கரத்தின் எண் மட்டும் திடீர்னு விழுதோ, அங்கேதான் தேடணும்.

• பல சென்சார்களில் காந்தம் இருக்கு. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கிட்டு சிக்னலைக் கெடுக்கும். சில சமயம் துடைத்தாலே விளக்கு அணைந்துவிடும்.

அன்று ரோட்டில் கிடந்த ஆணி, இன்று சென்சாரில் ஒட்டிய தூள். டயரை மட்டும் மாற்றிக்கிட்டே இருந்திருந்தால் அந்த பஸ்கள் நேரத்துக்குப் போயிருக்காது. உங்க காரில் மஞ்சள் விளக்கு எரிஞ்சா, அடுத்த மழைக்கு முன்னாடியே காட்டிடுங்க.