முழங்காலில் பிறந்த துணிவு

1896ஆம் ஆண்டு மத்திய மாகாணங்களில் கொடிய பஞ்சம் பரவியது. புனேயில் இளம் விதவைகளுக்கென்று ‘சாரதா சதன்’ இல்லத்தை நடத்திவந்த பண்டித ரமாபாய் அம்மையாரின் உள்ளத்தை அச்செய்தி உலுக்கியது.

பஞ்சம் இன்னதென்று அவர் அறிவார். 1858இல் மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, தாயாரிடம் சமஸ்கிருதம் கற்று, பெற்றோருடன் புண்ணியத் தலங்கள்தோறும் நடந்தவர் அவர். 1870களின் பஞ்சத்தில் தந்தை, தாய், தமக்கை மூவரையும் பறிகொடுத்தார். எஞ்சியிருந்த சகோதரர் 1880இல் மறைந்தார். அதே ஆண்டில் மணந்த கணவரும் 1882இல் காலராவுக்குப் பலியானார். குழந்தை மனோரமாவுடன் 1883இல் இங்கிலாந்து சென்றவர், அங்கே ஞானஸ்நானம் பெற்றார்.

பஞ்சப் பகுதிக்குச் செல்ல உள்ளம் ஏவியபோதும் அம்மையார் தயங்கினார். தம் இல்லத்தாரைப் போஷிப்பதே பெரும் பாரமாயிருந்தது. அமெரிக்க நண்பர்கள் பத்தாண்டுகளுக்கு வாக்களித்திருந்த உதவியும் 1898இல் முடிவடைய இருந்தது. தமது பெலவீனத்தை அவர் ஜெபத்தில் ஆண்டவரிடம் ஒப்புவித்தார். பசியால் மடியவிருந்த தம்மைக் காத்த தேவன், இப்பெண்களையும் காக்க வல்லவர் என்ற நிச்சயம் பிறந்தது. பணம் வந்து சேரும்வரை காத்திராமல் புறப்பட்டார்.

ஏறத்தாழ 300 பெண்களும் சிறுமியரும் மீட்கப்பட்டனர். அதற்குள் புனேயில் கொள்ளைநோய் பரவியதால், புதியவர்களை நகரில் சேர்க்க அதிகாரிகள் தடைவிதித்தனர். அம்மையார் சோர்ந்துபோகவில்லை. கேட்காவ் என்னுமிடத்தில் ஏற்கெனவே வாங்கியிருந்த நிலத்தில் கூடாரங்களும் குடிசைகளும் எழுந்தன. ‘முக்தி’ இல்லம் உருவாயிற்று. 1900இல் குஜராத் பஞ்சத்தினின்று மீட்கப்பட்டோரும் சேர, அங்கே தங்கியோர் 1,500 பேரானார்கள். 1905இல் சிறுமியர் நாள்தோறும் கூடி ஜெபித்த அவ்விடத்தில் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று.

சோதனைகள் அத்துடன் ஓயவில்லை. ஊழியத்தில் வலக்கரமாய் விளங்கிய மகள் மனோரமா 1921இல் மரித்தார். முதிர்வயதில் அந்த ஆறாத் துயரைச் சுமந்தபடியே, மூலமொழிகளிலிருந்து மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் பணியை அம்மையார் நிறைவேற்றினார். 1922 ஏப்ரல் 5 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஜெபம் ரமாபாய் அம்மையாரின் பாரங்களை அகற்றிவிடவில்லை. அவற்றைச் சுமக்கும் தைரியத்தை அவருக்குத் தந்தது. அன்பானவர்களே, பாரத்தைக் கண்டு பின்வாங்கி நிற்கிறீர்களா? முழங்காற்படியிடுங்கள், பின்பு எழுந்து புறப்படுங்கள்.