குக்கர் வால்வுக்குப் பின்னால் ஒரு பாய்லர் கதை: ரிச்சர்ட் ட்ரெவிதிக்

நீராவி இன்ஜின்னாலே நமக்கு ஜேம்ஸ் வாட் பெயர்தான் ஞாபகம் வரும். அந்த வாட்டே ஒரு விஷயத்துக்குப் பயந்தார்: அதிக அழுத்த நீராவி. அன்றைய உலோகம் தாங்காது, பாய்லர் வெடிச்சிடும் என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கும் இல்லை. ஆனா ஒருத்தர் துணிஞ்சு இறங்கினார்.

ரிச்சர்ட் ட்ரெவிதிக், 1771-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். ஸ்கூல் படிப்பு சுமார். மனைவி ஜேன், இரும்பு வார்ப்படப் பட்டறை நடத்திய ஹார்வி வீட்டுப் பொண்ணு. 1790-களின் கடைசியில் மேஜைமேல் வைக்கிற அளவுக்கு ஒரு இன்ஜின் மாடல் செய்தார். அதற்கு அடுப்பே கிடையாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை பாய்லரின் குழாயில் செருகினால் போதும், தண்ணீர் கொதிச்சு சக்கரம் சுத்தும்!

மாடல் சமத்தா ஓடிச்சு. சிக்கல், அதைப் பெருசாக்கும்போதுதான். அதே அழுத்தம், அதே தடிமன்... ஆனா பாய்லரின் விட்டம் இரண்டு மடங்கானால், சுவரைக் கிழிக்கப் பார்க்கும் விசையும் இரண்டு மடங்காகும். குட்டி பாய்லர் பிழைச்சதை வெச்சு பெரிய பாய்லரை நம்ப முடியாது.

1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கேம்போர்ன் மேட்டில் ஆட்களை ஏத்திக்கிட்டு அவருடைய நீராவி வண்டி ஏறியது. சில நாளில் வண்டி பழுதாக, அணைக்காத நெருப்போடு அதை விட்டுட்டு எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. தண்ணீர் வற்றி வண்டியே எரிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் சிரிச்சுக்கலாம்.

1803, கிரீனிச். இன்ஜினைப் பார்த்துக்க வேண்டிய பையன் மீன் பிடிக்கப் போயிட்டான். இன்ஜினை நிறுத்திய இன்னொருவர் வால்வை விடுவிக்கலை. வார்ப்பிரும்பு பாய்லர் வெடிச்சு 4 பேர் செத்தாங்க. வீட்டு வார்ப்பிரும்பு தோசைக்கல்லைக் கீழே போட்டுப் பாருங்க, வளையாது, பட்டுனு உடையும். பாய்லரும் அப்படித்தான், முன்கூட்டியே எந்த அறிகுறியும் காட்டாது.

ட்ரெவிதிக் அழுத்தத்தைக் கைவிடலை. இரண்டு வால்வுகள் வைத்தார், ஒண்ணு ஆப்பரேட்டர் கைக்கு எட்டாது. கூடவே ஒரு ஈய அடைப்பான்: தண்ணீர் வற்றினால் அது உருகி, நீராவி வெளியேறி நெருப்பை அணைக்கும். நம்ம குக்கர் சேஃப்டி வால்வில் இருக்கிற உருகும் உலோகமும் இதே ஐடியாதான்.

1812-ல் வந்த அவருடைய கார்னிஷ் பாய்லர் தேனிரும்புத் தகடுகளால் ஆனது. தேனிரும்பு உடைவதற்கு முன் கொஞ்சம் நீளும், வளையும். இன்றைக்கு மாடல் பாய்லர் செய்பவர்கள் பெரும்பாலும் தாமிரத்துக்குப் போவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். வெப்பத்தை வேகமாகக் கடத்தும், துருப்பிடிக்காது என்பது கூடுதல் லாபம். பார்க்க அழகான பித்தளையைத் தவிர்ப்பார்கள். வெந்நீரில் அதிலுள்ள துத்தநாகம் மெல்ல வெளியேறி உலோகம் உளுத்துப்போகும்.

1816-ல் வெள்ளிச் சுரங்கங்களுக்காகப் பெரு போனார். அங்கே விடுதலைப் போர். 1827-ல் வெறுங்கையோடு திரும்பினார். 1833 ஏப்ரல் 22, டார்ட்ஃபோர்டு விடுதி அறையில் இறந்தபோது அடக்கச் செலவுக்குக்கூடக் காசில்லை. கூட வேலை பார்த்த பட்டறைத் தொழிலாளர்களே பணம் போட்டு, தோளில் சுமந்து, பெயர்ப்பலகை இல்லாத குழியில் அடக்கம் செய்தார்கள்.