மேடையேறிய மாணவர்

சென்ற ஆண்டு நம் தமிழ் மன்றத்தார் நாடகம் போடுவதென்று முடிவு செய்து, நடிக்க விருப்பமுள்ளவர் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தபோது நான் மூன்று நாள் தயங்கினேன். மட்டாஞ்சேரியில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து வளர்ந்தவள் நான். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் நாலு பேர் நடுவில் பேச நேர்ந்தால் சொல்லுக்குச் சொல் மலையாளம் வந்து கலந்துவிடும், குரலும் நடுங்கும். தமிழை அன்று எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். (இக்கட்டுரையைக்கூட ஒரு தோழி பிழை திருத்தித் தந்தாள் என்பதை மறைப்பானேன்?)

அப்பாவுக்கோ வேறு கவலை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து, பஜாரில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்குகளில் கணக்கெழுதிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. எம்.எஸ்ஸி. படிக்கும் பெண் மாலைதோறும் ஒத்திகை என்று தங்கிவிட்டால், போர்ட் கொச்சிக்குக் கடைசிப் படகை எப்படிப் பிடிப்பாள், ஆய்வுக்கூட வேலை என்னாவது, கூத்தாடுவதால் என்ன பயன் என்று கேட்டார். நியாயமான கேள்விகள்தாம். என்னிடம் விடை இல்லை. அந்த நிலையில்தான் மன்றத்து மூத்த மாணவர் ஒருவர் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலை என் கையில் கொடுத்தார்.

சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். பம்மல் என்பது பல்லாவரத்தை அடுத்த ஊர். முன்னோரின் ஊர்ப்பெயர் அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது. தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் இருந்தவர், தமிழ் நூல்களை அச்சிட்டவர். ஆகவே வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. இளமையிலேயே ஆங்கில நாடகங்களில் அவருக்கு மோகம் பிறந்துவிட்டது. தமிழ் நாடகம் என்றாலோ வெறுப்பு! தெருவில் விடிய விடிய ஆடும் கூத்தைப் படித்தவர் பார்க்கலாகாது என்பது அந்நாளைய எண்ணம். அதற்கு அவரும் விலக்கல்லர். பிற்காலத்தில் தமிழ் நாடகத்தின் தந்தை என்று பெயர் பெற்றவர் பதினெட்டு வயது வரை தமிழ் நாடகத்தை ஏளனம் செய்தவர் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. சிறிது வெட்கமாகவும் இருந்தது.

வெட்கத்திற்குக் காரணம் உண்டு. எங்கள் போர்ட் கொச்சிப் பக்கத்தில் இலத்தீன் கிறிஸ்தவர்கள் சவிட்டு நாடகம் ஆடுவார்கள். பலகை மேடை அதிரக் காலால் மிதித்து ஆடும் ஆட்டம். சார்லமேன் மன்னன் கதையைக் ‘காறல்மான் சரிதம்’ என்று ஆடுவார்கள். சிறுமியாக இருந்தபோது பளபளக்கும் உடையையும் மரவாளையும் கண்டு நானும் என் தோழியரும் கேலி செய்து சிரித்திருக்கிறோம். அந்தப் பழைய சுவடிகளின் மொழி தமிழ் கலந்தது என்பதும், அக்கலையைச் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் பெயரோடு சேர்த்துப் பேசும் மரபு உண்டு என்பதும் எனக்கு மிகப் பின்னரே தெரிந்தன. எது நம்முடையதோ அதைப் பார்த்துத்தான் நாம் முதலில் சிரிக்கிறோம் போலும்.

சம்பந்தனாரின் மனம் மாறியது 1891இல். பல்லாரியிலிருந்து சரச வினோதினி சபையார் சென்னைக்கு வந்து, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலில் தெலுங்கு நாடகங்கள் ஆடினார்கள். அச்சபையை நடத்திய தர்மவரம் கிருஷ்ணமாசார்லு ஒரு வக்கீல். மேடையில் நின்றவர்களும் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். கூலிக்காக அன்றிக் கலைக்காக ஆடியவர்கள். மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சம்பந்தனாருக்கு அது கண்ணைத் திறந்துவிட்டது. தெலுங்கில் முடிவது தமிழில் ஏன் முடியாது? அவ்வாண்டு ஜூலை முதல் நாள் நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

தொடங்கியது எளிது. ஆடுவதற்கு நாடகம்? அதுவரை மேடைத் தமிழ் பெரும்பாலும் பாட்டு. பேசி நடிக்கத் தகுந்த உரைநடை நாடகம் அரிது. இல்லாததை எழுதித்தானே ஆகவேண்டும்? எழுத உட்கார்ந்தார். முதல் நாடகமான ‘புஷ்பவல்லி’ 1893இல் அரங்கேறியது. சபை பிறந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து! இந்த இடைவெளியைப் படிக்கும்போது நான் புத்தகத்தை மூடிவைத்துச் சற்றுச் சிந்தித்தேன். கைதட்டல் இல்லை, பத்திரிகையில் பெயர் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்கள் சிலர் கூடி, இன்னும் மேடை காணாத நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கலைக் குழு ஒன்றில் சேர்ந்தவரை உருவாக்குவது விழா மாலை அன்று. இந்த நீண்ட காத்திருப்புத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவு மும்முறை ஒத்து வரும் வரை சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கு இது புரியும்.

1895இல் ‘மனோகரா’ வந்தது. அதன் பின்னர் அவர் பேனா ஓயவில்லை. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். ‘மக்பெத்’ ‘மகபதி’ ஆயிற்று. விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ஒத்திகையிலும் நேரத்திலும் கண்டிப்பானவர். இன்னொன்று என் மனத்தைக் கவர்ந்தது. சபையில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எது வரும் என்று பார்த்து, அவர்களுக்குப் பொருந்தும்படி பாத்திரங்களைப் படைத்தார். அவருடைய அருமை நண்பர் ரங்கவடிவேலு கதாநாயகி வேடங்களை ஏற்றார். அவரோடு சேர்ந்து நடித்ததைப் பற்றி முதலியார் எழுதும் பக்கங்களில் தம் புகழைக் காட்டிலும் நண்பர் புகழே மேலோங்கி நிற்கிறது. தான் மட்டும் ஒளிர வேண்டும் என்று வந்தவருக்கு இது வராது.

படிப்பு என்னாயிற்று என்பதுதானே அப்பாவின் கேள்வி? பி.ஏ. தேறினார், சட்டம் படித்தார், வக்கீலானார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். பகலில் கோர்ட்டு, மாலையில் சபை. இப்படிப் பல்லாண்டுகள்! அவர் ஒருவர் மட்டுமல்லர். மேடையிலும் அரசியலிலும் நாவலராக விளங்கிய சத்தியமூர்த்தி ‘மனோகரா’வில் நடித்தவர். 1935 முதல் 1941 வரை கொச்சி இராச்சியத்தின் திவானாக இருந்தவரும், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சருமான ஆர். கே. சண்முகம் செட்டியாரும் சபையைச் சேர்ந்தவரே. என் தாத்தா கணக்கெழுதிய மட்டாஞ்சேரியை ஆண்ட திவான் நாடகச் சபைக்காரர் என்று சொன்னதும் அப்பா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

ஆனால் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சபை வசதி படைத்தோரின் சபை. வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் ஊராய்ச் சென்று ஆடிய நடிகர்களுக்கும் தங்களுக்கும் இடையே அவர்கள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் ஏழைச் சிறுவர்களுக்கு வாத்தியாராக இருந்து தமிழ் மேடையை வளர்த்தார். அவர்களுக்குக் கோர்ட்டும் இல்லை, சம்பளமும் நிச்சயமில்லை. மேலும் ரங்கவடிவேலு நாயகி வேடம் கட்டியது ஏன்? அச்சபை மேடையில் பெண்களுக்கு இடமில்லை. நான் அன்று பிறந்திருந்தால் திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம், அவ்வளவே.

சபையார் கடல் கடந்து இலங்கைக்கும் சென்று ஆடினார்கள். யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் முதலியாரைக் குருவாகக் கொண்டார். ‘சபாபதி’ 1941லும், ‘வேதாள உலகம்’ 1948லும், ‘மனோகரா’ 1954லும் திரைப்படங்களாக வந்து நாடறிந்தன. 1959இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1964இல், தொண்ணூற்றொரு வயதில் மறைந்தார்.

நான் நான்காம் நாள் பெயர் கொடுத்தேன். மன்றத்தார் எடுத்துக்கொண்டதும் ‘சபாபதி’யிலிருந்து சில காட்சிகளே. எனக்குக் கிடைத்தது பெரிய வேடமன்று. ஒரு காட்சியில் இரண்டு நிமிடம், மற்ற நேரமெல்லாம் திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. முதலில் மனம் சுருங்கியது. ஆனால் எல்லோருடைய வசனத்தையும் தினமும் உரக்கப் படித்ததில் எழுத்துக் கூட்டும் பழக்கம் போயிற்று. யார் எங்கே திணறுவார், யாருக்கு ஒரு சொல் கொடுத்தால் போதும், யாரைச் சற்று விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தது. அந்தப் பருவத்தில் எனக்கு ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே பருவத்தின் இறுதியில் துறைக் கருத்தரங்கில் என் ஆய்வைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். குரல் நடுங்கவில்லை. ஒன்றை மற்றொன்றோடு கழித்துப் பார்த்து இலாபமா நட்டமா என்று கணக்குச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்பாதான் கணக்கர்.

அவர் நாடகத்துக்கு வந்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து, வேலைக்காரச் சபாபதி மேடைக்கு வந்தபோதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தாராம். திரைக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை, அம்மா சொன்னாள். அன்று கடைசிப் படகில் போர்ட் கொச்சிக்குத் திரும்பினோம். பாதி வழியில், இதை எழுதியவர் நீதிபதியாக இருந்தவர்தானா என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார். மறுவாரம் புத்தகத்தைக் கேட்டார். ‘நாடக மேடை நினைவுகள்’ ஆறு பாகங்களில் இரண்டாவது இப்போது அவரிடம் இருக்கிறது. நூலகத்தில் தேடி ஏமாந்த அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.