பறவையியல் அறிஞர் சாலிம் அலி

நூல் ஒருவனுக்கு வழியைக் காட்டும். அவ்வழியில் முன்னரே நடந்தோரின் கூட்டுறவு அவனைத் தளராது நடக்கச் செய்யும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்க்கை.

சாலிம் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜி வளர்த்தார். மாமன் வேட்டையில் விருப்பமுடையவர். மருமகனும் காற்றுத்துப்பாக்கி ஏந்திக் குருவிகளைச் சுட்டுத் திரிந்தார். ஒருநாள் வீழ்ந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் தோன்றக் கண்டு வியந்து, அஃது என்ன குருவியென மாமனை வினவினார். மாமனுக்கு விடை தெரியவில்லை. ஆயினும் சிறுவனின் வினாவை அவர் புறக்கணித்தாரில்லை. தாம் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அக்கழகம் 1883 இல் எண்மரால் தொடங்கப்பெற்றது. அதன் கௌரவச் செயலாளர் மில்லர்டு என்னும் ஆங்கிலேயர். அஞ்சியபடியே சென்ற சிறுவனை அவர் அன்புடன் வரவேற்றார். குருவியின் பெயரைக் கூறினார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். பறவையுடலைப் பாடம் செய்யும் முறையும் அங்கே கற்பிக்கப்பட்டது. விளையாட்டாகத் தொடங்கியது அன்றுமுதல் கல்வியாக மாறிற்று.

பின்னர்ச் சாலிம் அலி பர்மாவிற்குச் சென்று குடும்பத் தொழிலில் ஈடுபட்டார். அங்கும் கணக்கேட்டைவிடக் காட்டுப் பறவைகளே அவர் கருத்தைக் கவர்ந்தன. தாயகம் திரும்பி விலங்கியல் பயின்றாராயினும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாரல்லர். அதனால் அரசின் விலங்கியல் துறையில் அவர் விரும்பிய பதவி கிட்டவில்லை. 1926 இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராக அமர்ந்தார். 1929 இல் செருமனி சென்று, பெர்லினில் பேரறிஞர் சிட்ரெசுமானிடம் பறவையியல் பயின்றார். மறு ஆண்டு திரும்பியபோது, பொருட்குறையால் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது!

வேலையின்றி நின்றவர் சோர்ந்துவிடவில்லை. கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் உற்றுநோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்தும். பெண்குருவி வந்து அதனை ஏற்றபின்னரே எஞ்சியதை முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் வேறொரு கூடு கட்டப் புகும். இவ்வரிய செய்திகளைக் கழகத்தின் இதழ் வெளியிட, அறிஞருலகம் அவரை அறியலாயிற்று. பட்டம் திறக்காத கதவைப் பணி திறந்தது.

அதன்பின் ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி முதலிய பகுதிகளின் பறவைகளைக் கழகத்தின் துணையுடன் ஆராய்ந்தார். அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூலைக் கழகம் 1941 இல் வெளியிட்டது. தில்லன் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞரோடு இயற்றிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1976 இல் பத்மவிபூசண் விருது அவரை அடைந்தது. தமக்குக் கிடைத்த பெரும்பரிசுத் தொகையைக் கழகத்திற்கே வழங்கித் தம் நன்றிக்கடனை ஆற்றினார். 1987 ஆம் ஆண்டு சூன் 20 ஆம் நாள் இயற்கை எய்தினார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990 இல் நிறுவப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவர்களே! ஐயம் தோன்றினால் அதனை அடக்கிவிடாதீர்கள். அறிஞர் கூடும் கழகத்தை நாடுங்கள். ஆங்கே நூல்களும் அரும்பொருள்களும் கிடைக்கும்; பிழை திருத்தும் மூத்தோர் கிடைப்பர்; நீங்கள் கண்ட உண்மையை உலகறியச் செய்யும் இதழும் கிடைக்கும். பெற்ற உதவியை நாளை வரும் இளையோர்க்கு மீண்டும் அளிப்பது நும் கடமையாகும்.