படிக்க முடியாத எழுத்தை வரைந்த பணிக்கர்

திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. அந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். தெலுங்கு பேசுவார்கள், ஆனால் தெலுங்கு எழுத்துப் படிக்கத் தெரியாது என்பவர்களும் அங்கே உண்டு. எல்லைக்கு அப்பால் போய் ஒரு கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தால் அவர்கள் கண்ணில் படுவது என்ன? சொல் அல்ல. வட்டமும், வளைவும், சுழியும்தான்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் முன்பு எல்லோருக்கும் எல்லா எழுத்தும் அப்படித்தான் இருந்தது. எழுத்து முதலில் வெறும் படமாக இருக்கிறது. பிறகுதான் அது சொல்லாக மாறுகிறது.

இந்தச் சின்ன விஷயத்தை வைத்தே இந்திய ஓவிய உலகில் பெரும் புகழ் பெற்றார் ஒருவர். அவர்தான் கே.சி.எஸ். பணிக்கர்.

12 வயதில் அவர் வரைந்த மரம், மரமாகவே இருந்தது. 52 வயதில் அவர் வரைந்ததோ, யாராலும் படிக்க முடியாத எழுத்து! கைத்திறமை போய்விட்டதா? அல்லது, பார்ப்பவர்களை ஏமாற்றினாரா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

சிறுவன் தீட்டிய சித்திரம்

பணிக்கர் 1911-ம் ஆண்டு மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தார். சங்கரன் பணிக்கர் என்பது பெயர். சிறு வயதில் கேரளத்துக் கிராமத்திலும், பிறகு கோவையிலும் படித்தார்.

12 வயதிலேயே வர்ணம் குழைத்து இயற்கைக் காட்சிகளைத் தீட்டத் தொடங்கிவிட்டார். 17 வயதில் அவருடைய படங்கள் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் இடம் பெற்றன. பெரியவர்களின் படங்களோடு ஒரு வாலிபனின் படமும் சுவரில் தொங்கியது.

சின்ன வயதில் கை தேர்ந்த ஓவியர்கள் எங்கும் உண்டு. கேரளத்தில் கொச்சியைச் சேர்ந்த கிளின்ட் என்ற சிறுவனைப் பலர் அறிவார்கள். 1983-ம் ஆண்டில், 7 வயது நிறையும் முன்பே அவன் நோயால் இறந்து போனான். அதற்குள் அவன் வரைந்து குவித்த படங்கள் 25 ஆயிரத்துக்கு மேல் என்று சொல்லுகிறார்கள். அந்தக் கை வளர்ந்திருந்தால் எந்தத் திசையில் போயிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

பணிக்கருக்கு ஆயுள் இருந்தது. ஆனால் வசதி இருக்கவில்லை.

தந்தி இலாகா உத்தியோகம்

18 வயதில் அவருடைய கல்லூரிப் படிப்பு நின்றது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார்.

சர்க்கார் உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம். அந்தக் காலத்தில் அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் பணிக்கரின் மனம் தூரிகையையே நாடியது.

1936-ம் ஆண்டில் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். வேலையை விட்டுவிட்டு, சென்னை அரசு கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

அந்தப் பள்ளி 1850-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பணிக்கர் சேர்ந்தபோது அதன் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. சென்னை மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். உருவத்தைத் தத்ரூபமாகக் கொண்டு வருவதில் வல்லவர். அப்படிப்பட்ட குருவிடம் படித்தார் பணிக்கர். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆசிரியர் ஆனார்.

1944-ம் ஆண்டில் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். புது முறையில் வரைய விரும்பிய இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள்.

சீமையில் கண்ட புதுமை

1954-ம் ஆண்டில் பணிக்கர் முதல் முறையாக வெளிநாடு சென்றார். லண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியக் கண்காட்சிகள் நடந்தன.

அங்கே அவர் வேறு விதமான ஓவியங்களைப் பார்த்தார். சில படங்களில் மனிதன் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. வர்ணமும் கோடும் மட்டுமே இருந்தன. இதற்கு அரூப ஓவியம் என்று பெயர். உருவம் இல்லாத ஓவியம் என்று பொருள்.

அரூப ஓவியம் ஒன்றும் வானத்தில் இருந்து குதித்தது அல்ல. வாசலில் போடும் கோலத்தில் புள்ளியும் கோடும்தான் இருக்கின்றன. தறியில் நெய்யும் லுங்கியில் கட்டமும் பட்டையும்தான் இருக்கின்றன. இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. அது போதும்.

ஆனாலும், ஊர் திரும்பிய பணிக்கருக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றது. பாரிசில் வரைவதைப் பார்த்து அப்படியே சென்னையில் வரைந்தால் அது யாருடைய படம்? கை நம்முடையது, எண்ணம் இரவல் அல்லவா? பழைய கோயில் ஓவியத்தை அப்படியே காப்பி அடித்தால் மட்டும் அது சொந்தம் ஆகிவிடுமா? அதுவும் இரவல்தானே!

1957-ம் ஆண்டில் அவர் கலைப் பள்ளியின் பிரின்சிபால் ஆனார். மாணவர்கள் முன்னாலும் இதே கேள்விதான் இருந்தது.

கணக்கு நோட்டு காட்டிய வழி

1963-ம் ஆண்டில் பணிக்கருக்கு வழி திறந்தது. அதற்குக் காரணமாக இருந்தது, வணிகம் படித்த ஒரு மாணவனின் கணக்கு நோட்டு!

அந்த நோட்டின் ஒரு பக்கத்தில் எண்கள் இருந்தன. ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. கோடுகளும் வடிவங்களும் இருந்தன. மாணவனுக்கு அது கணக்கு. பணிக்கரின் கண்ணுக்கோ அது ஓர் ஓவியமாகத் தெரிந்தது.

அதில் இருந்து பிறந்ததுதான் 'சொற்களும் குறிகளும்' என்ற ஓவிய வரிசை. முதலில் கணக்குக் குறிகளை வரைந்தார். பிறகு அவை மாறி, மலையாள எழுத்தைப் போன்ற எழுத்துக்கள் வந்தன. ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள் வந்தன. நடு நடுவே பறவை, மீன், மிருகம் எல்லாம் எட்டிப் பார்த்தன. தூரத்தில் இருந்து பார்த்தால் பழைய ஏட்டுச் சுவடியைப் போல் இருக்கும். கிட்டே போய்ப் படிக்கப் பார்த்தால் ஒரு சொல்லும் ஓடாது. அது சொல்லே அல்ல!

எழுத்தைப் படத்தில் சேர்த்தது உலகத்துக்கே புதிது என்று சொல்ல முடியாது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த பால் கிளே என்ற ஓவியர் முன்பே அப்படி வரைந்திருக்கிறார். அவர் தாம் குழந்தையாக இருந்தபோது வரைந்த படங்களையும் தம்முடைய ஓவியப் பட்டியலில் சேர்த்துக் கொண்டவர். பணிக்கரின் பெருமை வேறு. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜாதகத்தையும், நம் நாட்டு எழுத்தின் சுழியையும் புதிய ஓவியம் ஆக்கினார். பாரிசில் இருந்து கடன் வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று.

குழந்தையா, குரங்கா?

இப்படிப்பட்ட ஓவியங்களைக் கண்டால், இதைக் குழந்தைகூடக் கிறுக்குமே என்று சிலர் சிரிப்பது வழக்கம். அந்தச் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது.

1964-ம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. பியர் பிராசோ என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்கள் என்று சொல்லிச் சில அரூப ஓவியங்களைக் கண்காட்சியில் வைத்தார்கள். ஒரு விமர்சகர் அவற்றைப் புகழ்ந்து எழுதினார். பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. வரைந்தது, மிருகக் காட்சி சாலையில் இருந்த சிம்பன்சி குரங்கு! விமர்சகர்களைச் சோதிக்க ஒரு பத்திரிகையாளர் செய்த தந்திரம் அது.

அப்படியானால் எல்லாம் ஏமாற்றா? அதுவும் இல்லை. 2011-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மாணவர்களிடம் இரண்டிரண்டு படங்களாகக் காட்டினார்கள். ஒன்று, பெயர் பெற்ற ஓவியர் தீட்டியது. மற்றது, குழந்தையோ மிருகமோ தீட்டியது. பாதிக்கு மேற்பட்ட தடவை மாணவர்கள் ஓவியரின் படத்தையே சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில சமயம் ஏமாந்தும் போனார்கள்.

ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் ஏமாந்து போகலாம். ஓர் ஓவியரின் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஏமாறுவது கடினம். பணிக்கரின் வரிசை நாற்பது ஆண்டு நீளம். முதலில் இயற்கைக் காட்சி. பிறகு மனித உருவங்கள். பிறகு தோட்டங்கள். கடைசியில் எழுத்தும் குறியும். மரத்தை மரமாக வரையத் தெரிந்தவர்தான் அதை வேண்டாம் என்று விட்டார். வரையத் தெரியாமல் கிறுக்கியவர் அல்ல.

துணி விற்று வாங்கிய நிலம்

ஓவியன் உண்மையாக வரைய வேண்டும் என்றால் அவன் வயிறு காயக்கூடாது. காய்ந்தால், வாங்குகிறவன் கேட்பதை வரைய வேண்டி வரும். அல்லது தூரிகையைத் தூர எறிந்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டி வரும். தந்தி இலாகாவில் இருந்த பணிக்கருக்கு அந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும்.

அவரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு கைத்தொழில் சங்கம் அமைத்தார்கள். துணியில் 'பாத்திக்' வேலை செய்தார்கள். துணியின் மீது உருக்கிய மெழுகால் கோலம் போட்டுச் சாயத்தில் நனைப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கினால் சித்திரம் தெரியும். இந்தத் துணிகள் நன்றாக விற்றன.

அந்தப் பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரை ஓரம் நிலம் வாங்கினார்கள். 1966-ம் ஆண்டில் அங்கே ஓவியர்களின் கிராமம் உதயமாயிற்று. அதுவே சோழமண்டலம். கைத்தொழிலால் சோறு, ஓவியத்தில் சுதந்திரம். இதுதான் அந்தக் கிராமத்தின் ஏற்பாடு.

1967-ம் ஆண்டில் பணிக்கர் பிரின்சிபால் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். வரைவதில் இருந்து ஓய்வு பெறவில்லை. சொற்களும் குறிகளும் வரிசை கடைசி வரை நீண்டது. 1977-ம் ஆண்டு ஜனவரி மாதம், 65-ம் வயதில் சென்னையில் காலமானார். அவருடைய மகன் நந்தகோபால் சிறந்த சிற்பி ஆனார்.

திருவனந்தபுரத்தில் பணிக்கரின் பெயரால் ஓர் ஓவியக் கூடம் இருக்கிறது. சோழமண்டலத்துக்கு இன்றும் யாரும் போய்ப் பார்க்கலாம். அவருடைய படத்தின் முன் நிற்பவர், எழுத்துக் கூட்டிப் படிக்க முயல வேண்டியதில்லை. பெரிய படிப்புப் படித்தவராலும் அதைப் படிக்க முடியாது. பள்ளிக்கூடமே பார்க்காதவரும் அதைப் பார்க்கலாம். அந்தப் படத்தின் முன்னால் இருவரும் ஒன்றுதான்.