லைக்கா கேமரா பிறந்தது எப்படி? - பண நெருக்கடியிலும் துணிந்து இறங்கிய எர்ன்ஸ்ட் லைட்ஸ்

லைக்கா (Leica) என்றாலே விலை உயர்ந்த கேமரா என்றுதான் உங்களுக்குத் தோன்றும். ஆனால் காசுக்கே மதிப்பில்லாத காலத்தில் பிறந்த கேமரா அது!

அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ்.

யார் இவர்?

1871இல் ஜெர்மனியில் பிறந்தவர். வெட்ஸ்லார் நகரில் அவருடைய தந்தை நுண்ணோக்கி தயாரிக்கும் நிறுவனத்தை நடத்திவந்தார். 1920இல் தந்தை காலமானதும் முழுப் பொறுப்பும் மகனிடம் வந்தது.

கேமரா யோசனை யாருடையது?

அங்கு வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குடையது. ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவருக்கு அந்தக் காலத்துக் கனமான கேமராக்களைச் சுமப்பது சிரமம். அதனால் சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் சிறிய கேமராவை உருவாக்கினார். 1914இல் அமெரிக்கா சென்ற லைட்ஸ், அதை எடுத்துக்கொண்டு போய் நியூயார்க்கில் படம் பிடித்துப் பார்த்தார். ஆனால் முதல் உலகப் போர் மூண்டது. திட்டம் கிடப்பில் போனது.

ஏன் அது பெரிய பந்தயம்?

1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலரின் மதிப்பு சுமார் 4.2 டிரில்லியன் மார்க்! புதிய நாணயம் வந்த பிறகும் தொழில்கள் தள்ளாடின. யாரும் கேட்காத ஒரு பொருளில் முதலீடு செய்யவேண்டுமா? நிறுவனத்துக்குள்ளேயே தயக்கம்.

நுண்ணோக்கியை மட்டும் நம்பியிருந்தால் ஊழியர்களுக்கு வேலை இல்லாமல் போகலாம் என்று லைட்ஸ் கவலைப்பட்டார். 1924இல் துணிந்து முடிவெடுத்தார். 1925இல் லைப்ஸிக் வர்த்தகச் சந்தையில் லைக்கா அறிமுகமானது. லைட்ஸ், கேமரா ஆகிய இரு சொற்களின் சுருக்கம்தான் அந்தப் பெயர்.

நாஜி ஆட்சியில்...

யூத ஊழியர்கள் பலரை வெளிநாட்டு வேலை என்ற பெயரில் ஜெர்மனியிலிருந்து அனுப்பிவைத்தார் லைட்ஸ். யூதப் பெண் ஒருவர் தப்பிக்க உதவியதற்காக அவருடைய மகள் எல்ஸி 1943இல் கைது செய்யப்பட்டார். அதேவேளையில் நிறுவனம் ஜெர்மன் ராணுவத்துக்கும் கருவிகள் தயாரித்துக் கொடுத்தது. இரண்டும் அவருடைய கதையில் உண்டு.

அவருக்குப் பிறகு?

1954இல் வந்த லைக்கா எம்3 பெரும் வெற்றி. இரண்டு ஆண்டுகளில் லைட்ஸ் மறைந்தார். வெற்றி தந்த அதே பாணியை நிறுவனம் விடவில்லை. ஜப்பானிய நிறுவனங்கள் எஸ்எல்ஆர் கேமராக்களுடன் முந்திச் சென்றன. நிறுவனம் குடும்பத்தின் கையை விட்டுப் போனது.

மின்னிலக்கக் கேமராவுக்கு மாறுவதிலும் தாமதம். 2005இல் வங்கிகள் கடன் வசதியைக் குறைக்க, லைக்கா திவாலாகும் நிலைக்கே போய்விட்டது. ஆஸ்திரிய முதலீட்டாளர் ஆண்ட்ரியாஸ் காஃப்மன் போட்ட பணம்தான் அதைத் தூக்கி நிறுத்தியது.

கையில் பணம் இல்லாததைவிட, மாறத் தயங்குவதே பெரிய ஆபத்து. 1924இல் லைட்ஸுக்கு அது புரிந்திருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அது புரிய வெகுகாலம் ஆனது.